விலையுயர்ந்த பொலிகுதிரை நாடு மாறும்போது: வாங்கும் நாள் முதல் மேய்ச்சல் திடல் வரை

கோடிக்கணக்கில் விலை பேசப்படும் பொலிகுதிரையும் (இனவிருத்திக்கென்று வைத்திருக்கும் ஆண் குதிரை) சாதாரண வண்டிக் குதிரையும் சாவது பெரும்பாலும் ஒரே காரணங்களால்தான்: வயிற்றுவலி, நுரையீரல் தொற்று, குளம்பு அழற்சி. விலையுயர்ந்த குதிரைக்கு இவை வரும் வாய்ப்பை நாமே கூட்டிவிடுகிறோம். கண்டம் விட்டுக் கண்டம் அனுப்புகிறோம். போய்ச் சேர்ந்ததும், அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில் லாயத்துக்குள் பூட்டுகிறோம். இருப்பதிலேயே சத்தான தீவனத்தைத் தேடித் தேடிக் கொடுக்கிறோம். இதில் எதுவும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் குதிரையின் உடம்புக்கு நம் எண்ணம் தெரியாது.

இதற்கு நம் மண்ணிலேயே எழுநூறு ஆண்டுப் பழைய சாட்சி உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து காயல் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார், ஆண்டு முடியும்போது 100 கூட மிஞ்சுவதில்லை என்று மார்கோ போலோ சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் விவரமாகவே எழுதியிருக்கிறார்: முளையடித்துக் கயிற்றால் 40 நாள் கட்டிவைப்பார்களாம், வறுத்த பார்லியும் வெண்ணெய் சேர்த்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைப்பார்களாம், கொழுத்த பிறகு, பழக்காமலே ஏறி ஓட்டுவார்களாம். இருவரும் வெளியூர்க்காரர்கள், எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தீவனப் பட்டியலை நான் அப்படியே நம்புகிறேன். பால், நெய், வெல்லம், பாதாம், முட்டை என்று கிட்டத்தட்ட அதே பட்டியலை இன்றும் பல லாயங்களில் பெருமையோடு சொல்லக் கேட்கலாம்.

வஸ்ஸாஃப் இன்னொன்றும் சொல்கிறார். ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு. கடலில் செத்தாலும் அந்தப் பணம் அரசு கருவூலத்திலிருந்து விற்றவருக்குப் போய்விடும். வழியில் குதிரை பிழைத்தாலும் செத்தாலும் வணிகருக்கு நட்டமில்லை. இன்று நாம் பார்க்க வேண்டிய முதல் படியும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

படி 1: ஒப்பந்தமும் பரிசோதனையும் (பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு)

குதிரை எந்த நிமிடத்திலிருந்து வாங்குபவரின் பொறுப்பு என்பதை எழுத்தில் கொண்டுவாருங்கள். தனிமைப்படுத்தி வைக்கும் காலம் (குவாரண்டைன்) முடிந்து, கால்நடை மருத்துவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே முழுப் பொறுப்பும் கைமாறும் என்றிருந்தால், ஏற்றி அனுப்புபவரும் கவனமாக அனுப்புவார். காப்பீட்டு நிபந்தனைகளையும் இப்போதே படித்துவிடுங்கள். குதிரையைத் திறந்தவெளியில் விடுவதற்குத் தடை இருந்தால், கையெழுத்துக்கு முன்பே பேசி மாற்றுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. சேரும் நாட்டைப் பொறுத்துப் பட்டியல் மாறும். கிளாண்டர்ஸ், குதிரைத் தொற்று ரத்தசோகை, உண்ணியால் பரவும் பைரோபிளாஸ்மோசிஸ் ஆகியவற்றைப் பல நாடுகள் கேட்கும். பொலிகுதிரைக்கென்றே இரண்டு நோய்கள் தனியாக உண்டு.

ஒன்று, ஈக்வைன் வைரல் ஆர்ட்டரைட்டிஸ் என்ற வைரஸ் நோய். நோய் வந்து குணமான ஆண் குதிரை பார்க்கத் திடமாக இருக்கும், ஆனால் அதன் விந்தில் வைரஸ் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடலாம். 1984இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலப் பண்ணைகளை இந்த நோய்தான் உலுக்கியது. தடுப்பூசி இருக்கிறது. ஆனால் ஊசி போட்ட பிறகு ரத்தம் எடுத்தால் நோய் வந்த குதிரை போலவே எதிர்ப்பொருள் காட்டும். அதனால் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுத்து, தொற்று இல்லை என்ற சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் ஏற்றுமதி முடங்கிப்போன குதிரைகள் உண்டு.

இன்னொன்று, சிஇஎம் எனப்படும் தொற்றுக் கருப்பை அழற்சி. 1977இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் முதலில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே கென்டக்கிக்கு வந்துவிட்டது. ஆண் குதிரைக்கு இதனால் எந்த அறிகுறியும் இருக்காது, குறியின் மடிப்புகளில் கிருமி உட்கார்ந்திருக்கும். பஞ்சால் துடைத்து மாதிரி எடுப்பதோடு, சில நாடுகளில் சோதனைப் பெண் குதிரைகளோடு சேரவும் விட்டுப் பார்ப்பார்கள். 2002இல் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற வார் எம்ப்ளம் என்ற குதிரை ஜப்பானுக்குப் பொலிகுதிரையாகப் போய், பெண் குதிரைகளிடம் நாட்டமே இல்லாமல் பேரெடுத்தது. 2015இல் அமெரிக்காவுக்குத் திரும்பியபோது இந்தச் சோதனைக்கும் அது ஒத்துழைக்காததால், விதை நீக்கம் செய்துதான் உள்ளே விட்டார்கள்.

நாள் கணக்கையும் இப்போதே போடுங்கள். ஆண் குதிரையின் உடம்பில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 57 நாள் ஆகும். அது முதிர்ந்து வெளிவர மேலும் ஒரு வாரம். பயணத்தில் நல்ல காய்ச்சல் வந்துவிட்டால், அடுத்த இரண்டு மாத விந்தின் தரம் கெடலாம். இனச்சேர்க்கைப் பருவம் தொடங்க பத்து வாரத்துக்குக் குறைவாக இருக்கும்போது குதிரையை இறக்குவது சூதாட்டம்.

படி 2: ஒரு மாதம் முன்பு

பெரும்பாலான நாடுகள் வெளிநாட்டு உலர்புல்லை உள்ளே விடாது. அதனால் "பழகிய தீவனத்தையே கூட அனுப்பிவிடுகிறோம்" என்ற ஏற்பாடு விமான நிலையத்தோடு முடிந்துவிடும். போகிற இடத்தில் என்ன புல், என்ன தானியம் கிடைக்கும் என்று கேட்டு, அதற்கு நெருக்கமான ஒன்றுக்கு இங்கேயே இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குதிரையின் பெருங்குடலில் நார்ச்சத்தை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் திடீர் மாற்றத்தைத் தாங்காது.

வண்டியில் ஏறி இறங்குவதைப் பழக்குங்கள். லாடம் அடிப்பதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஒரு வாரம் இடைவெளி இருந்தால், ஆணி தவறியிருந்தாலும் கிளம்புமுன் தெரிந்துவிடும். தடுப்பூசிகளையும் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். மூக்கு ஒழுகும் குதிரையை, டிக்கெட் வீணாகிறதே என்று ஏற்றவே கூடாது.

படி 3: பயணம்

பயணத்தில் மிக முக்கியமான விஷயம் தலை. குதிரை நாளில் பெரும்பகுதி தலையைத் தாழ்த்தி மேயும் பிராணி. அப்படித் தாழும்போதுதான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் கிருமியும் வெளியே வடிகின்றன. வண்டியிலோ விமானப் பெட்டியிலோ தலையை உயர்த்திக் கட்டிவிட்டால் அந்த வடிகால் நின்றுவிடும். சில மணி நேரத்திலேயே மூச்சுக்குழாயில் கிருமிகள் பெருகத் தொடங்கும். பயணக் காய்ச்சல் என்று சொல்லப்படும் நுரையீரல், நுரையீரல் உறை அழற்சிக்கு இதுதான் வழி. பயணம் 12 மணி நேரத்தைத் தாண்டும்போது ஆபத்து தெளிவாகக் கூடுகிறது.

பொலிகுதிரையின் நிலைமை இதில் இன்னும் மோசம். கடிக்கும், எகிறும் என்று அதைத்தான் எல்லாவற்றையும்விடக் குட்டையாகக் கட்டுவார்கள். தலை முழங்கால் மட்டத்துக்காவது இறங்கும்படி கயிற்றுக்கு நீளம் கேளுங்கள். சாலைப் பயணத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, அரை மணி நேரமாவது தலையைத் தாழ்த்த விட்டு, தண்ணீர் காட்டுங்கள். வலையில் தொங்கவிடும் புல்லை நனைத்துப் போட்டால் தூசி குறையும். விமானத்தில் பக்கத்துத் தடுப்பு காலியாக இருக்கும்படி அகலமான இடம் எடுத்துக்கொடுங்கள். இந்தச் செலவு வீண் போகாது. அதே விமானத்தில் பெண் குதிரைகள் இருந்தால், பொலிகுதிரையை அவற்றுக்கு முன்வரிசையில் நிறுத்துவதுதான் வழக்கம்.

மயக்க மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. குதிரையை அமைதிப்படுத்தப் பரவலாகப் பயன்படும் ஏசிபுரோமசின், சில ஆண் குதிரைகளுக்குக் குறி வெளியே தொங்கி உள்ளே போகாமல் வீங்கிவிடும் நிலையை உண்டாக்கலாம். அரிதுதான். ஆனால் இனவிருத்திக்கென்றே வாங்கிய குதிரைக்கு அது நேர்ந்தால் வாங்கிய காரணமே போய்விடும். கூட வரும் மருத்துவரிடம் மாற்று மருந்து பற்றி முன்கூட்டியே பேசுங்கள். "பாதுகாப்புக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி" என்று கேட்டு வாங்கவும் வேண்டாம். அது குடலின் நுண்ணுயிர்களைக் குலைக்கும். வருகிற காய்ச்சலையும் மறைத்துவிடும்.

செல்லம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. தடிமனான போர்வை, நான்கு காலுக்கும் கட்டு என்று பொதிந்து அனுப்புவார்கள். அடைத்த பெட்டிக்குள் குதிரைகளின் உடல் வெப்பமே போதும். போர்வைக்குள் வியர்த்தால் நீர்ச்சத்துதான் குறையும்.

படி 4: இறங்கிய முதல் ஐந்து நாள்

நீண்ட பயணத்தில் உடல் எடையில் 5 சதவீதம் வரை குறைவது சகஜம். அதில் பெரும்பகுதி தண்ணீரும் குடலில் இருந்த தீவனமும்தான். அதைப் பார்த்துப் பதறி, இறங்கிய அன்றே வாளி நிறையத் தானியம் வைப்பதுதான் பெரிய தவறு. முதல் நாள் நிழல், தண்ணீர், நல்ல புல். அவ்வளவுதான். தானியத்தை மூன்று நான்கு நாளில் மெல்லக் கூட்டுங்கள்.

காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 38.5ஐத் தாண்டினால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். முழங்கையை வெளிப்பக்கம் விரித்து நிற்பது, நடக்கத் தயங்குவது, மேலோட்டமாக மூச்சு வாங்குவது, மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி ஆகியவை நெஞ்சுக்கூட்டில் நோய் இறங்கிவிட்டதன் அடையாளம். கால் வைக்கத் தயங்குவதைப் பார்த்துப் "பயண அலுப்பு" என்று சொல்லி வலிமருந்து கொடுத்து நாளைக் கடத்துவது, பிழைக்கக்கூடிய குதிரையையும் இழக்கும் வழி.

லத்தியையும் கவனியுங்கள். நாளைக்கு எட்டு, பத்து முறை போடும் குதிரை இரண்டு மூன்றோடு நிறுத்தி, அதுவும் சிறிதாக, காய்ந்து, மேலே சளி படிந்து இருந்தால், குடலில் தண்ணீர் போதவில்லை, அடைப்பு உருவாகிறது என்று பொருள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் போக வேண்டும்.

படி 5: குவாரண்டைனில் மனிதர்களைக் கட்டுப்படுத்துங்கள்

2007 ஆகஸ்டில் சிட்னிக்கு அருகே ஈஸ்டர்ன் கிரீக் குவாரண்டைன் நிலையத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பொலிகுதிரைகள் நிறுத்தப்பட்டிருந்தன. வடகோளத்தில் ஒரு பருவம், தென்கோளத்தில் ஒரு பருவம் என்று ஆண்டுதோறும் பறக்கும் ரகம். அவற்றோடு குதிரை இன்ஃபுளுயன்சாவும் வந்தது; அதுவரை அந்த நோயே இல்லாத நாடு ஆஸ்திரேலியா. ஏறத்தாழ 10,000 இடங்களுக்கு அது பரவியது, பந்தயங்கள் நின்றன, ஒழிக்க ஆண்டு இறுதி வரை ஆனது. நிலையத்துக்குள் போய்வந்த யாரோ ஒருவரின் உடம்பிலோ உடையிலோ கருவியிலோ ஒட்டித்தான் வைரஸ் வெளியேறியிருக்க வேண்டும் என்பதே நீதிபதி காலினன் தலைமையிலான விசாரணையின் முடிவு.

எனவே, புதிதாக வந்த குதிரைக்குத் தனி ஆள், தனி வாளி, தனி துலக்கும் பிரஷ். ஒரே ஆள்தான் உண்டு என்றால் பழைய குதிரைகளை முதலில் பார்த்துவிட்டுப் புதியதைக் கடைசியில் பார்க்கட்டும். உடை மாற்றிக் குளித்த பிறகே திரும்பட்டும். விருந்தினர் வந்து தொட்டுப் பார்ப்பதும் செல்ஃபி எடுப்பதும் குவாரண்டைன் முடிந்த பிறகுதான்.

படி 6: வெயிலுக்குப் பழக்குதல்

குளிர்நாட்டிலிருந்து வளைகுடாவுக்கோ இந்தியாவுக்கோ வரும் குதிரைக்கு இரண்டு மூன்று வாரம் லேசான நடை மட்டும் போதும், அதிகாலையில். சில குதிரைகளுக்கு வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊரில் வியர்ப்பதே நின்றுபோகும். பிரிட்டிஷ் காலத்தில் இங்கே கொண்டுவந்த குதிரைகளிலேயே இது கவனிக்கப்பட்டது. நல்ல வெயிலில் மற்ற குதிரைகள் நனைந்து நிற்க, இது மட்டும் உலர்ந்த தோலோடு மூக்கு விடைக்க இரைத்துக்கொண்டு நின்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். 500 கிலோ குதிரைக்குத் தினமும் 25 கிராம் அளவுக்குச் சாதாரண உப்பு வேண்டும், வியர்க்கும் நாளில் இன்னும் கூடுதலாக. இந்தியாவில் மழைக்காலத்துக் கடி ஈக்களால் பரவும் சர்ரா நோயையும் மறக்க வேண்டாம். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இளைப்பு, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம் என்றால் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

படி 7: தீவனம்

பயணத்தைத் தாண்டிய குதிரைகளை வீழ்த்துவது பெரும்பாலும் தீவன வாளிதான்.

குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர் வரைதான். அதில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். இயற்கையில் அது 16 மணி நேரம் மேயும். மென்று சுரக்கும் எச்சில் அமிலத்தைத் தணிக்கும். நாம் அதற்குக் காலையும் மாலையும் இரண்டே வேளை கொழுத்த சாப்பாடு போட்டுவிட்டு நடுவில் வெறும் வயிற்றோடு நிறுத்தினால் புண் வராமல் என்ன செய்யும்? தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலின் கொள்ளளவைத் தாண்டினால் பெருங்குடலில் இறங்கிப் புளிக்கும். அங்கிருந்து ஒரு கிளை கடும் வயிற்றுவலிக்கும், இன்னொரு கிளை குளம்பு அழற்சிக்கும் போகிறது.

கணக்கு எளிது. உடல் எடையில் ஒன்றரை முதல் 2 சதவீதம் புல், உலர்ந்த எடையில். 500 கிலோ குதிரைக்கு ஏழரை முதல் 10 கிலோ. அதைப் பல முறையாகப் பிரித்து, இரவு நீண்ட இடைவெளி விழாமல் கொடுங்கள். குதிரைமசால் நல்லது, ஆனால் அது மட்டுமே வேண்டாம். ஓட்ஸ், கொள்ளு முதலியவை தேவைக்கு மட்டும். எந்த வேளையிலும் 2 கிலோவைத் தாண்ட வேண்டாம். இனச்சேர்க்கைப் பருவத்தில் கொஞ்சம் கூடுதல் சக்தி தேவைதான். ஆனால் நாள் முழுக்க நிற்கும் பொலிகுதிரைக்குப் பந்தயக் குதிரையின் தீவனம் போடக் காரணமே இல்லை.

பால் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வயதைக் கடந்த குதிரையின் குடலில் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி மிகவும் குறைந்துவிடுகிறது. நாம் ஊற்றும் பால் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளிக்கும். வெல்லம் நேரடிச் சர்க்கரை. நெய் ஒரு கரண்டி போனால் ஆபத்தில்லை, பயனும் பெரிதாக இல்லை. "எங்கள் தாத்தா காலத்திலிருந்து கொடுக்கிறோம்" என்பார்கள். தாத்தாவின் குதிரை நாளைக்கு இருபது மைல் போயிருக்கும்.

குதிரை பருத்துவிட்டதா என்று பார்க்கப் பிடரியைப் பார்க்காதீர்கள், ஆண் குதிரைக்கு அது இயல்பாகவே தடித்திருக்கும். விலா எலும்பில் கையை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாமல், லேசாகத் தடவினாலே கைக்கு எலும்பு தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடிவிட்டது.

ஊட்டச்சத்து மருந்துகளிலும் இதே கவனம் வேண்டும். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு போலோ அணியின் 21 குதிரைகள் போட்டிக்கு முன்பு அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. சோர்வு போக்கக் கொடுத்த ஊசிமருந்துக் கலவையில் செலினியம் அளவு பல மடங்கு கூடியிருந்தது. ஸ்டீராய்டு ஊசிகள் சதையைக் காட்டும், விதைகளைச் சுருக்கும். பொலிகுதிரையின் பக்கம் அவற்றைக் கொண்டுவரவே கூடாது.

படி 8: தினமும் குளம்பைத் தொடுங்கள்

1973இல் அமெரிக்க மும்முடியை (மூன்று பெரிய பந்தயங்களை ஒரே ஆண்டில் வெல்வது) வென்ற செக்ரடேரியட் என்ற குதிரை 1989இல் குளம்பு அழற்சியால்தான் போனது. அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு விற்கப்பட்டு அங்கே பந்தயக் குதிரை இனத்தையே மாற்றிய சண்டே சைலன்ஸுக்கு 2002இல் ஒரு முன்னங்காலில் தொற்று. பாரம் முழுக்கத் தாங்கிய மற்ற காலில் குளம்பு அழற்சி வந்தது. இரண்டுக்கும் உலகின் மிகச் சிறந்த மருத்துவம் பக்கத்திலேயே இருந்தது. முற்றிவிட்டால் அதுவும் போதாது, முந்தித்தான் பிடிக்க வேண்டும்.

செய்முறை இது. முன்னங்காலுக்குப் பக்கத்தில் குனிந்து, கணுக்காலின் பின்பக்கம் உள்ளும் புறமும் இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். விரலுக்கடியில் கயிறு மாதிரி ஒன்று நழுவும், அதில்தான் ரத்தக்குழாய். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். விரலை வைத்தபடி பொறுமையாக இருங்கள். நலமான குதிரையில் துடிப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாகவே இருக்கும். குளம்பு அழற்சி தொடங்கினால் விரலைத் தட்டித் தள்ளும். குளம்புச் சுவரும் சூடாக இருக்கும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னே தள்ளி நிற்பது அடுத்த கட்டம். அந்த நிமிடமே தானியத்தை நிறுத்தி, குளம்பைப் பனிக்கட்டி நீரில் வைத்து, மருத்துவரை வரச்சொல்லுங்கள். நடக்க வைக்காதீர்கள்.

படி 9: கதவைத் திறத்தல்

விலையுயர்ந்த குதிரையை வெளியே விடப் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அயர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே ஆண்டுதோறும் பறந்த டேன்ஹில் என்ற பொலிகுதிரை 2003இல் திடலில் நடந்த விபத்தில்தான் இறந்தது. ஆனால் நாள் முழுக்க அடைத்துவைப்பதற்கும் விலை உண்டு. அசையாத குதிரையின் குடலும் மந்தமாகும். சலிப்பில் ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும், லாயத்துக்குள் வட்டமடிக்கும். பொலிகுதிரைகளில் குறிப்பாக, தன் விலாவைத் தானே கடித்துக் குதறும் பழக்கமும் வரும். அதைத் "திமிர்" என்று சொல்லி அடிக்கும் ஆட்களை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முதலில் ஒரு வாரம், தினமும் இரண்டு முறை கையில் பிடித்து நடக்க வையுங்கள். வேலியோரமாக, எல்லையை அது பார்க்கும்படி. பிறகு சிறிய திடலில், வயிறு நிறையப் புல் தின்ற பின், பழகிய ஆள் வாசலில் நிற்க, அரை மணி நேரம். பசியோடும் நீண்ட அடைப்புக்குப் பிறகும் திறந்துவிட்டால்தான் பாய்ந்து ஓடி அடிபடும். வேலி உயரமாக, கண்ணுக்குத் தெரியும்படி மரத்திலோ குழாயிலோ இருக்கட்டும். முள்கம்பி கூடவே கூடாது. மழை பெய்து வழுக்கும் நாளில் விட வேண்டாம். வேறு குதிரைகள் கண்ணில் படட்டும், ஆனால் இரட்டை வேலிக்கு அப்பால். பெண் குதிரைகள் மட்டும் காற்று வரும் திசையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் அரை நாள் வரை நீட்டலாம். உள்ளே கொண்டுவரும்போது குளம்பு, கால், மூச்சு மூன்றையும் பார்த்து, ஒரு நோட்டில் காலை வெப்பநிலைக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்த நோட்டு லாயத்து வாசலிலேயே தொங்கட்டும். ஆள் மாறினாலும் குதிரையின் நேற்றைய நிலை இன்றைக்கு வருபவருக்குத் தெரியும்.